சேலத்தில் இருந்தபடியே சமூகவியல் ஆய்வும் கற்பித்தலும் செய்வது எப்படி

சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு ஆய்வில் இறங்க நினைக்கும் சேலம் வட்டாரத்து மாணவர்களையும், இங்குள்ள கல்லூரிகளில் புதிதாகப் பாடம் எடுக்கத் தொடங்கியிருக்கும் ஆசிரியர்களையும் மனத்தில் கொண்டு இக்குறிப்புகளை எழுதுகிறேன். டெல்லியிலும் மும்பையிலும் இருக்கும் பெரிய துறைகளுக்கு வாய்த்திருக்கும் நூலகம், வாரந்தோறும் நடக்கும் கருத்தரங்கு, வெளிநாட்டுத் தொடர்பு ஆகியவை இங்கே அந்த அளவுக்கு இல்லை. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் ஒரே ஊருக்கு, ஒரே தெருவுக்கு, ஆண்டுக்கணக்கில் டவுன் பஸ் ஏறிப் போய்வரும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை, நமக்கு உண்டு. இந்த வாய்ப்பை முறையாகப் பயன்படுத்துவதும், அதில் கிடைத்ததைக் குவாஹாத்தியில் இருக்கும் ஓர் ஆய்வாளரும் எடுத்தாளக்கூடிய வடிவில் எழுதுவதுமே சேலத்துச் சமூகவியலாளர் நாட்டின் ஆய்வுலகில் இடம்பிடிக்கும் வழி என்பது என் கருத்து. கீழே சொல்லப்படும் வழிமுறைகள் எல்லாம் அந்தக் கருத்தை ஒட்டியவை.

எந்தக் கதவுகளைத் தட்டுவது

இந்தியப் பல்கலைக்கழகங்களில் சமூகவியல் தனித்துறையாகத் தொடங்கியது 1919இல், பம்பாயில். அதன் முதல் தலைவர் பேட்ரிக் கெடிஸ். அவருக்குப் பின் அத்துறையை நடத்திய ஜி.எஸ். குர்யே 1951இல் இந்தியச் சமூகவியல் சங்கத்தை நிறுவினார். சங்கத்தின் ஆய்விதழான 'சோஷியலாஜிக்கல் புல்லட்டின்' 1952 முதல் வெளிவருகிறது. அகில இந்தியச் சமூகவியல் மாநாட்டையும் இச்சங்கமே வெவ்வேறு ஊர்களில் நடத்துகிறது. ஊரகச் சமூகம், பழங்குடிகள், கல்வி, இடப்பெயர்வு என்று பொருள்வாரியாக ஆய்வுக்குழுக்களும் சங்கத்துக்குள் இயங்குகின்றன. முதலில் சங்கத்தில் உறுப்பினராகி, அடுத்து உங்கள் பொருளுக்குரிய ஆய்வுக்குழுவில் பெயர் கொடுங்கள். மாநாட்டின் பொது அரங்கில் யாரும் உங்களைக் கவனிக்கமாட்டார்கள், இருபது முப்பது பேர் அமர்ந்திருக்கும் ஆய்வுக்குழு அமர்வில் கவனிப்பார்கள்.

நிதியுதவிக்கு 1969இல் அமைக்கப்பட்ட இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வாளருக்கான உதவித்தொகையும், ஆசிரியர்களுக்கான ஆய்வுத் திட்ட நிதியும் அதன் வழியே வருகின்றன. அதன் தென்மண்டல மையம் ஹைதராபாத்தில், உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளது. 1971இல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இக்கழகத்தின் ஆதரவில் இயங்குவது. தமிழகக் கிராம ஆய்வுகளுக்கு அதன் நூலகத்தை விட்டால் வேறு நல்ல இடம் சொல்வது கடினம். சேலத்திலேயே, 1997இல் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு ஆக வேண்டும். பாடநெறியில் ஆய்வு நெறிமுறை குறித்த தாள் கட்டாயம். ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற பழைய கட்டாயம் அவ்விதிகளில் நீக்கப்பட்டது என்றாலும், பல்கலைக்கழகங்கள் தமக்கென்று தனி விதி வைத்திருக்கக்கூடும் என்பதால், நெறியாளர் வாய்மொழியாகச் சொல்வதோடு நிற்காமல் விதிப்புத்தகத்தை நீங்களே வாங்கிப் படித்துவிடுங்கள்.

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வில் (நெட்) சமூகவியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது பெரிய தடை. கோனார் உரை போன்ற வழிகாட்டிகளை மனப்பாடம் செய்து இத்தடையைத் தாண்ட முயல்பவர்களே அதிகம். அதைவிட, ஒவ்வொரு ஆங்கிலக் கலைச்சொல்லுக்கும் எதிரே நீங்கள் கண்ணால் பார்த்த ஓர் உள்ளூர் நிகழ்ச்சியைத் தமிழில் எழுதிவைக்கும் குறிப்பேடு ஒன்றை முதலாண்டிலிருந்தே வைத்திருப்பது பலன் தரும். சரியான விடையைக் குறி போடவும் அது உதவும், பின்னாளில் வகுப்பெடுக்கவும் உதவும்.

ஆய்வுப் பொருளைக் கேள்வியாக்குவது

'சேலம் மாவட்டத்தில் இன்னாரின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு' என்ற அச்சில் வார்த்த தலைப்புகள் நம் நூலக அலமாரிகளில் நிறையவே இருக்கின்றன. இத்தலைப்பில் கேள்வியே இல்லை என்பதுதான் இதன் குறை. வயது, கல்வி, வருமானம், வீட்டின் கூரை என்று அட்டவணைகள் அடுக்கப்பட்டு, கடைசி அத்தியாயத்தில் அரசுக்குச் சில பரிந்துரைகளோடு முடிந்துபோகும். சேலத்தைத் தெரியாத ஒருவர் அதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஒன்றும் இராது. சேலத்தைத் தெரிந்தவருக்கோ அதில் புதிதாக ஒன்றும் இராது.

கேள்வி எப்படிப் பிறக்கிறது என்பதற்குச் சேலத்து வெள்ளிக் கொலுசுத் தொழிலை எடுத்துக்கொள்ளலாம். செவ்வாய்ப்பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் ஒரு ஜோடி கொலுசு ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. கம்பி இழுப்பது ஓரிடம், சங்கிலி கோப்பது ஒரு வீடு, பற்றவைப்பது இன்னொரு பட்டறை, மெருகேற்றுவது வேறொன்று என்று வெள்ளி கைமாறிக்கொண்டே இருக்கிறது. எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்கும் இந்தத் தொழிலில், ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் சேதாரம் விழும். அந்தச் சேதாரத்துக்கு யார் பொறுப்பு, அதை யார் தீர்மானிக்கிறார்கள், உறவினருக்கும் அயலாருக்கும் ஒரே அளவா, வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண் எடையைத் தானே பார்த்து வாங்குகிறாரா அல்லது கணவர் பார்த்து வாங்குகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அங்கே நம்பிக்கை, உறவுமுறை, சாதி, பாலினம் எல்லாம் ஒரு தராசுத் தட்டில் வந்து நிற்கும். இந்தக் கேள்வியை மொராதாபாத்தின் பித்தளைத் தொழிலை ஆய்பவரும் எடுத்துக்கொள்ள முடியும். கொலுசுத் தொழிலாளரின் சமூகப் பொருளாதார நிலை என்ற தலைப்பை அவர் என்ன செய்வார்?

ஏற்காட்டு மலை இன்னொரு வகைக் கேள்விகளைத் தருகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் அங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து எஸ்டேட்டுகளும், பங்களாக்களும், பிறகு தங்கிப் படிக்கும் பள்ளிகளும் வந்தன. 1917இல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளியைப் போன்றவற்றில் வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அதே மலையில், பழங்குடி மாணவர்களுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. வீட்டை விட்டுப் பிள்ளையை விடுதிக்கு அனுப்புவது என்ற ஒரே செயல் இரண்டு வகைக் குடும்பங்களில் என்னென்ன பொருள் கொள்கிறது என்பதை ஒப்பிட்டு எழுத, ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இவ்வளவு கூர்மையான வாய்ப்பு நாட்டில் பல இடங்களில் கிடைக்காது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிகள் என்ற பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாக அவர்களுடைய வழிவழிக் கதை சொல்கிறது. மாநாட்டுக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே இதை எழுதிவிடுங்கள். இல்லையென்றால் வடக்கிலிருந்து வந்தவர்கள் கேரளத்தவரைப் பற்றிய கட்டுரை என்றே கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பார்கள். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தனியாக நிற்பதில்லை. சேலம், தருமபுரி, வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று மாவட்டப் பெயர்களோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் தங்கள் மாவட்டப் பெயர் இல்லாததால் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் பழங்குடிச் சான்றிதழ் பெற முடியாமல் நெடுங்காலமாகக் கோரிக்கை வைத்துவருகிறார்கள். ஒரு நிர்வாக எல்லைக்கோடு மக்களை எப்படி இருவேறு வகையினராக ஆக்குகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

களத்துக்கு முன் காகிதம்

பழைய ஆவணங்களைப் பார்க்காமல் களத்தில் இறங்க வேண்டாம். 1883இல் வந்த லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு, 1918இல் வந்த ரிச்சர்ட்ஸின் கெசட்டியர், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகளில் மலையாளிகளைப் பற்றிய பகுதி ஆகிய மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைச் சான்றாக எடுத்துக்கொள்வதைவிட, அக்காலத்து அதிகாரிகள் எதைக் கவனித்தார்கள், எதைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று பார்ப்பதற்குப் படிப்பது நல்லது. ஒன்றிலிருந்து மற்றொன்று அப்படியே எடுத்து எழுதியிருப்பதும் கண்ணில் படும். மூன்று நூல்கள் ஒன்றையே சொன்னால் மூன்று சான்று என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டிவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏற்கெனவே வந்த ஆய்வேடுகளைத் தேடும்போது, சேர்வராயன் மலையின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேட வேண்டும். ஏற்காட்டுக்கும் அப்படித்தான். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு, இதற்கு முன் ஆய்வே நடக்கவில்லை என்று முன்னுரையில் எழுதுபவர்கள் புறத்தேர்வாளரிடம் வசமாக மாட்டிக்கொள்வார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்களைக் கையாளும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 1961இல் சேலம் மாவட்டம் என்பது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் ஆகியவற்றையும் உள்ளடக்கியது. 1965இல் தருமபுரி பிரிந்தது. 1997இல் நாமக்கல் பிரிந்தது. ஆகவே 1961, 1971, 2001 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளிலும் 'சேலம் மாவட்டம்' மூன்று வேறு நிலப்பரப்புகள். 2011இல் சேலம் மாவட்ட மக்கள்தொகை 34,82,056. இந்த எண்ணை 1991இன் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மக்கள்தொகை குறைந்துவிட்டது என்று முடிவு கட்டும் கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். தாலுகா அளவிலோ கிராம அளவிலோ இறங்கி, எல்லை மாறாத அலகுகளை மட்டும் ஒப்பிடுங்கள். 2011க்குப் பிறகு நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு சாதி விவரத்தோடு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது வரும்வரை பதினைந்து ஆண்டுப் பழைய எண்களோடுதான் நாம் வேலை செய்கிறோம் என்பதைக் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

நிலம் பற்றிய ஆய்வென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டையும் (நில உரிமை விவரம்) அடங்கலையும் (பயிர் விவரம்) பார்க்க வழி செய்துகொள்ளுங்கள். துறைத் தலைவரின் கடிதத்தோடு தாசில்தார் அலுவலகம் வழியாகப் போவது நேரம் பிடிக்கும், ஆனால் பின்னால் சிக்கல் வராது.

களத்தில்

எப்போது போவது என்பதில் பாதி வேலை முடிந்துவிடும். ஏற்காட்டில் ஏறத்தாழ நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். பகலில் வீடுகளில் முதியவர்களும் குழந்தைகளும் மட்டுமே இருப்பார்கள். அந்த மாதங்களில் வேலையைப் பார்க்கப் போங்கள், பேட்டிக்குப் போகாதீர்கள். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் பலவற்றிலிருந்தும் ஆட்கள் கூடுவார்கள். எந்த ஊருக்கு எந்த உரிமை, யாருக்கு முதல் மரியாதை என்பதைத் தனியாகக் கேட்டு அறிவதைவிட அங்கே நின்று பார்த்துத் தெரிந்துகொள்வது எளிது. கீழே இளம்பிள்ளையிலோ தாரமங்கலத்திலோ விசைத்தறிக்காரரிடம் பேச வேண்டுமானால், மின்வாரியம் மாதப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளைச் செய்தித்தாளில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தறி ஓடும்போது அவருக்கும் நேரம் இராது, உங்கள் ஒலிப்பதிவிலும் தறிச் சத்தம் தவிர வேறொன்றும் விழாது.

ஊருக்குள் நுழைந்ததும் கேள்வி கேட்பவர் நீங்கள் அல்ல. "தம்பிக்கு எந்த ஊரு? எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாங்க?" என்று திண்ணையில் இருப்பவர் கேட்பதன் நோக்கம் உங்கள் சாதியை அறிவது என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மழுப்புவது சந்தேகத்தைத்தான் வளர்க்கும். ஊர், கல்லூரி, நெறியாளர், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பவற்றை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பேச்சு பெரும்பாலும் அந்தத் திசையில் நகர்ந்துவிடும். முதல் நாள் எந்த வீட்டில் காப்பி குடித்தீர்கள் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஊர்த்தெருவில் மட்டும் உட்கார்ந்து பேசிவிட்டுக் காலனிக்குப் பதிவேட்டோடு போனால் உங்களை ஊர்க்காரராகவே பார்ப்பார்கள். முதல் நாளிலேயே இரண்டு பக்கமும் போய்வருவது நல்லது. அதற்காக ஒரு பக்கத்தில் முகம் சுளித்தாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

வினாநிரலை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதி அப்படியே எடுத்துப் போவது வீண். 'உங்கள் மாத வருமானம் எவ்வளவு?' என்ற ஒரு கேள்வியைப் பாருங்கள். விசைத்தறிக் கூலிக்காரருக்கு மாதம் என்ற கணக்கே இல்லை. வாரக் கூலி, அதுவும் எத்தனை உருப்படி நெய்தார் என்பதைப் பொறுத்தது, அதிலிருந்து முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸுக்குப் பிடித்தம் போகும், தறியில் கணவனும் மனைவியும் மாறி மாறி நின்றால் கூலி ஒருவர் பெயரில் எழுதப்படும். 'பத்தாயிரம் இருக்கும் சார்' என்று அவர் சொல்வது உங்களை அனுப்பிவைப்பதற்கான விடை. அதே கேள்வியை உடைத்துக் கேளுங்கள்: போன வாரம் எத்தனை உருப்படி இறங்கியது, ஒன்றுக்கு என்ன கூலி, அட்வான்ஸுக்கு எவ்வளவு பிடித்தார்கள், அட்வான்ஸ் எந்தச் செலவுக்கு வாங்கியது, கூலியை யார் போய் வாங்கி வந்தார்கள், பாவு தீர்ந்து புதுப் பாவு வரும்வரை எத்தனை நாள் சும்மா இருந்தீர்கள். ஆறு கேள்விகளுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் கிடைப்பது வருமானத்தோடு சேர்ந்த ஒரு கடன் உறவின் முழு வரலாறு. வேறு தறிக்கு மாற முடியாமல் ஒருவர் ஏன் அங்கேயே நிற்கிறார் என்பது அட்வான்ஸ் பற்றிய அந்த நடுக்கேள்வியில்தான் வெளிப்படும்.

அன்று கேட்டதை அன்றே எழுதிவிட வேண்டும், அதுவும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதப்போகிறோம் என்று களக்குறிப்பையே ஆங்கிலத்தில் எழுதுபவர்கள், திரும்பி வர முடியாத இடத்தில் பொருளைத் தொலைத்துவிடுகிறார்கள். படி எடுத்து வேறு வேறு இடங்களில் வைப்பதும் அவசியம். சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் செய்த களப்பணியின் தொகுத்த குறிப்புகள் மூன்று படிகளாக இருந்தும், மூன்றையும் ஒரே அறையில் வைத்திருந்ததால் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் மொத்தமும் எரிந்துபோயின. நினைவிலிருந்து அவர் எழுதிய நூல் 1976இல் வந்து புகழ்பெற்றது என்பது உண்மைதான். எல்லாருக்கும் அவருடைய நினைவாற்றல் வாய்ப்பதில்லை.

சில பொருள்களில் களம் இன்னும் கனமாக இருக்கும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் நோக்கில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் தொடங்கப்பட்டது சேலத்தில்தான். இன்றும் வெளியிலிருந்து வருபவர்கள் இம்மாவட்டத்தைப் பற்றி முதலில் கேட்பது அதுவாகவே இருக்கும். இந்தப் பொருளை எடுக்கும் மாணவி, தன் பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ கேட்கப் போகும் கேள்வி அது என்ற சாத்தியத்தை நெறியாளர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நேரடியாக அந்தச் செயலைப் பற்றிக் கேட்பது ஆய்வும் ஆகாது, அறமும் ஆகாது. வரதட்சிணை, நிலப் பங்கீடு, மூத்த பெண்ணின் கல்யாணச் செலவு என்று குடும்பத்தின் கணக்குகளின் வழியே போகலாம். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாமல் விடலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை பேசுபவரிடமே இருக்கட்டும்.

வகுப்பறை

ஆய்வையும் பாடத்தையும் தனித்தனி வேலையாக நினைப்பதால்தான் இரண்டுக்கும் நேரம் போதவில்லை என்று புலம்ப நேர்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களிடம் விடுமுறையில் அவரவர் ஊரை ஆய்ந்து வரச் சொன்னார். அதன் விளைவாக 1918இல் வந்த தொகுப்பில் இடம்பெற்ற இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம் ஆகிய ஊர்கள் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப ஆய்வு செய்யப்பட்டு, நூறாண்டு மாற்றத்தைக் காட்டும் ஊர்களாக உலக அளவில் அறியப்பட்டன. அந்த முதல் குறிப்புகளை எழுதியவர்கள் மாணவர்கள். நம் மாணவர்களுக்கு ஓமலூரும் வாழப்பாடியும் மேச்சேரியும் ஊர்களாக இருக்கும்போது, வகுப்பில் நூலிலிருந்து இந்தியக் கிராமம் என்றால் என்ன என்று எழுதிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உறவுமுறைப் பாடத்தை வைத்துச் சொல்கிறேன். மாணவர்கள் தேர்வில் அகமணம் (குழுவுக்குள் மணப்பது), புறமணம் (குழுவுக்கு வெளியே மணப்பது) என்று இலக்கணம் எழுதுவார்கள். ஆனால் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு வந்தால் யார் பங்காளி, யார் மாமன் மச்சான், யாருக்கு யாரைக் கேட்க உரிமை உண்டு என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். தென்னிந்திய உறவுமுறையைக் கொள்வினை கொடுப்பினையின் அடிப்படையில் விளக்கிய பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், அந்தக் கருத்துக்கு வந்தது 1949-50இல் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளரிடையே செய்த களப்பணியால். பாரிஸில் எழுதப்பட்ட கோட்பாட்டின் மூலப்பொருள் தங்கள் வீட்டுப் பேச்சில் இருப்பதை மாணவர்கள் தாமே கண்டுபிடிக்கட்டும். ஒவ்வொருவரையும் நான்கு தலைமுறைக்கு ஒரு வம்சாவளி வரைந்து, எந்தத் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தன, எந்தத் தலைமுறையிலிருந்து அது குறைகிறது, அதற்கு வீட்டுப் பெரியவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று எழுதி வரச் சொல்லுங்கள். அம்மாபேட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் படமும் ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீட்டு (தொழிலாளர் குடியிருப்பு) பிள்ளையின் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது பாடம் தானாக நடக்கும்.

இந்தப் பயிற்சியில் சாதி வெளிப்படும் என்பதால் இரண்டு ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும். படங்களைப் பெயரில்லாமல் வாங்க வேண்டும். தன் குடும்பத்தை வரைய விரும்பாதவர், காரணம் சொல்லாமலேயே வேறு ஒரு குடும்பத்தைத் தேர்ந்துகொள்ள அனுமதி இருக்க வேண்டும். சாதி மீறிய திருமணம் நடந்த வீட்டின் பிள்ளை, வகுப்பில் எழுந்து நின்று அதை விளக்க வேண்டிய நிலை வரவே கூடாது.

ஆடி மாதத்தில் சேலத்து ஆசிரியர் தனியாகக் களம் தேட வேண்டியதில்லை. குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவின் அலங்கார வண்டி ஊர்வலமான வண்டி வேடிக்கை நடக்கும்போது மாணவர்களை இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி எத்தனை, யாரிடம் வாங்குவதில்லை, எந்தத் தெரு எந்த வண்டியை அலங்கரிக்கிறது, பெண்கள் எங்கே நிற்கிறார்கள், வெளியூரில் வேலைக்குப் போன இளைஞர்கள் அனுப்பிய பணம் எதற்குச் செலவாகிறது என்று இணைக்கு ஒரு கேள்வி போதும். வெவ்வேறு தெருவைச் சேர்ந்த இருவரை ஒரே இணையாகச் சேர்ப்பது என் வழக்கம். ஒருவருக்கு இயல்பாகத் தோன்றுவதை மற்றவர் ஏன் என்று கேட்பார், அதில்தான் குறிப்பு நன்றாக அமைகிறது.

கட்டுரையாக்கி அனுப்புவது

மாநாட்டுக் கட்டுரைக்குப் பதினைந்து நிமிடம்கூடக் கிடைக்காது. சேலத்தின் வரலாற்றைச் சொல்லிக் கேள்விக்கு வருவதற்குள் தலைவர் மணி அடித்துவிடுவார். முதல் இரண்டு நிமிடத்தில் கேள்வி, அடுத்து களம், அடுத்து ஒரே ஒரு விரிவான நிகழ்ச்சி, பிறகு அது ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கும் எந்தக் கருத்தோடு முரண்படுகிறது என்பது: இவ்வளவு போதும். பி.பி.டி. படங்களில் சதவீத அட்டவணைகளைத் திணிக்காதீர்கள். ஆங்கிலப் பேச்சு தடுமாறுகிறது என்று அஞ்சி எழுதியதை வாசிப்பவர்கள் உண்டு, தவறில்லை. வாசித்து முடித்தபின் வரும் கேள்விகளுக்குத்தான் தயாராக இருக்க வேண்டும், ஏனெனில் அங்கேதான் அறிமுகங்கள் கிடைக்கின்றன.

இதழ்களைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று மானியக் குழு நடத்திவந்த கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. இனி இதழின் தரத்தை ஆசிரியரும் நிறுவனமுமே தீர்மானிக்க வேண்டும். பணம் கட்டினால் பத்தே நாளில் வெளியிட்டுத் தருவதாக வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளை அந்தக் கணமே அழித்துவிடுங்கள். சோஷியலாஜிக்கல் புல்லட்டின், 1957இல் துய்மோனும் போக்காக்கும் தொடங்கிய கான்ட்ரிப்யூஷன்ஸ் டு இந்தியன் சோஷியாலஜி, எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி ஆகியவற்றில் இடம் கிடைக்க மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கு மேலும் காத்திருக்க நேரும். நிராகரித்தாலும் மதிப்பீட்டாளரின் குறிப்புகள் வந்தால் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். சேலத்தில் இருக்கும் ஒருவருக்கு நாட்டின் சிறந்த ஆய்வாளர் ஒருவர் தம் கட்டுரையை வரிவரியாகப் படித்துக் கருத்துச் சொல்லும் வாய்ப்பு வேறு வழியில் எளிதாக வருவதில்லை.

ஊரின் பெயரை மாற்றுவதா வேண்டாமா என்ற முடிவையும் இந்தக் கட்டத்தில் எடுக்க வேண்டும். ஆந்த்ரே பெத்தே, கேத்லீன் கஃப் ஆகியோரின் புகழ்பெற்ற கிராம ஆய்வுகளில் வரும் ஸ்ரீபுரமும் கும்பப்பேட்டையும் தஞ்சை மாவட்டத்து ஊர்களுக்கு ஆய்வாளர்கள் இட்ட மாற்றுப் பெயர்கள். ஸ்லேட்டரின் மாணவர்களோ ஊர்ப் பெயர்களை உள்ளபடியே எழுதினார்கள். மறு ஆய்வுகள் சாத்தியமானதற்கு அதுவும் ஒரு காரணம். நிலம், கடன், சாதி மோதல், குடும்ப ரகசியம் எதுவாக இருந்தாலும் தனிமனிதர் பெயரை மாற்றியே ஆக வேண்டும். ஊர்ப் பெயரைப் பொறுத்தவரை, மோதலைப் பற்றிய ஆய்வானால் மாற்றுங்கள், தொழிலையும் பயிரையும் பற்றியதானால் உள்ளபடி விடுங்கள் என்பேன். ஏற்காட்டுப் பகுதியில் பெயரை மாற்றினாலும், 'கிழக்கே கடைசிப் பேருந்து நிறுத்தம், பக்கத்தில் பழைய எஸ்டேட், ஆரம்பப் பள்ளி' என்று வருணித்துவிட்டால் அந்த மலையைத் தெரிந்தவர் எவரும் ஊரைச் சொல்லிவிடுவார். பெயரை மட்டும் மாற்றி அடையாளத்தை விட்டுவைப்பதில் பயன் இல்லை.

ஊருக்குத் திரும்பக் கொடுப்பது

ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தால், பத்துப் பக்கத்துக்கு மேற்படாத தமிழ்ச் சுருக்கம் ஒன்றைத் தயாரித்து, பேசியவர்களிடம் நேரில் கொடுத்துவிட்டு வாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். 'இதை நான் சொல்லவே இல்லையே' என்று ஒருவர் சொன்னால் அச்சுக்கு முன்பே திருத்திக்கொள்ளலாம். குடிநீர், பள்ளி, சாலை போன்ற பொதுச் செய்திகளில் ஊராட்சித் தலைவரும் மக்களும் விரும்பினால், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாள்களில் ஒன்றில் முடிவுகளை முன்வைக்கலாம். சாதி, கடன், குடும்பம் பற்றிய கண்டறிதல்களை அந்தக் கூட்டத்தில் ஒருபோதும் பேசக் கூடாது.

களக்குறிப்புகளின் பெயர் நீக்கிய படி ஒன்றைத் துறை நூலகத்தில் ஒப்படையுங்கள். எந்தத் தெருவில் எத்தனை வீடுகளைப் பார்த்தீர்கள், எந்த வீடுகள் மறுத்தன, எந்த மாதங்களில் போனீர்கள், எந்தக் கேள்வியைப் பாதியில் மாற்றினீர்கள், தாலுகா எல்லை அப்போது எங்கே இருந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதி மேலே இணைத்துவிடுங்கள். இருபது ஆண்டு கழித்து அதே ஊருக்குப் போகும் மாணவருக்கு உங்கள் முடிவுரையைவிட அந்தத் தாள்தான் அதிகம் தேவைப்படும்.